ரேடியேட்டருக்குள் பஞ்சு

வேலை முடிந்து ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் என் பழைய எஸ்யூவி பாதி வழியில் சூடேறிவிடும். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு வாட்டர் பம்பையும் மாற்றினார். சூடு காட்டும் முள் மட்டும் சிவப்பை விட்டு இறங்கவில்லை.

"வண்டிக்கு வயசாயிருச்சு மேடம். இனிமே இது தேறாது, பேசாம வித்துருங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும்தான் வயதாகிறது, என்னை யார் விற்பது? மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நான் வேலை பார்க்கும் நூல்மில் வளாகத்திலேயே முன் கிரில்லை நானே கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏசி கண்டென்சருக்கும் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு தலையணைக்குத் தேறும் அளவுக்குப் பஞ்சு அடைத்திருந்தது. காற்று நுழைய வழியே இல்லை. நிழலுக்காக நான் தினமும் வண்டியை நிறுத்துவது, மில்லின் தூசியை வெளியே தள்ளும் விசிறிக்கு நேர் எதிரே.

ஷிப்டுக்கு ஷிப்ட் ஏர் அடித்து மெஷினிலிருக்கும் பஞ்சை ஊதச் சொல்லிக் கத்துகிற சூப்பர்வைசர் நான்தான்.

ஏர் ஹோஸை உள்ளேயிருந்து இழுத்து வந்தேன். அதைச் சுருட்டி வைக்க வந்த பெண் விழித்தாள்.

"எல்லா மெஷினும் ஊதியாச்சே மேடம்."

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்று வால்வைத் திறந்தேன்.