திருவிருந்துக்கு எழாத ஐந்து ஞாயிறு

சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் உண்டு. வெட்கத்தோடேயே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆடிக் காற்று கரிசல் மண்ணை வாரிக் கோவில்பட்டித் தெருவெல்லாம் இறைத்த மாதம். எனக்கு நாற்பத்தாறு வயது. நிற்க வேண்டிய உதிரம் நிற்கவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்தேன். வெந்தயத்தை விழுங்கிவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினேன்.

உதிரப்போக்கு உள்ளவள், சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். மாதம் ஒரு திருவிருந்து. ஐந்து முறை எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே இருந்தேன். ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் இதை நிறுத்தும். அதுதான் என் ஜெபம். வானம் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் முறை, குருவானவரின் மனைவி ஐயரம்மா என்னை வாசலில் மறித்தார்கள்.

"ஏட்டி, யாருகூட சண்ட? அஞ்சு மாசமா பந்திக்கு வரல."

"சண்ட இல்லம்மா. நிக்க மாட்டேங்குது."

அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"கூறுகெட்டவளே, ஆண்டவருகிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? டாக்டரம்மாட்டயும் சொல்லணும்லா. நாளைக்கு மொத பஸ்ஸு. நானும் வாரேன்."

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயிலிருந்து மிளகளவு சதை கிள்ளிப் பார்த்தார்கள். புற்றுநோய். கர்ப்பப்பையையே எடுத்தார்கள். எதுவரை போயிருக்கிறது என்று அதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பசுவந்தனையிலிருந்து வந்த சுப்புத்தாய். அவளுக்கும் அதே நோய், அதே ஆபரேஷன்.

"எக்கா, ஒங்க சாமிகிட்ட எனக்கும் சேத்துக் கேளுங்க. எங்க சாமி கோவிச்சுக்கிடாது."

இருவருக்கும் ஒரே சொல்லால் கேட்டேன்.

பத்தாம் நாள் லேப் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். ரோஸும் ஊதாவும். நல்ல இடத்தில் செல்லெல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. நோயுள்ள இடம், புதுசாய் வேலைக்கு வந்தவள் அடுக்கிய சட்டம் மாதிரி. வரிசை குலைந்து, ஒவ்வொன்றின் உட்கருவும் பெருத்துக் கறுத்து, நெருக்கியடித்து. அதற்கும் அடியில் ஒரு மெல்லிய கோடு.

"இந்தக் கோட்ட உடச்சு ஒண்ணுகூட கீழ எறங்கல. பொழச்சுட்டீங்க."

சுப்புத்தாய்க்குக் கோடு உடைந்திருந்தது. கொத்துக் கொத்தாய் உள்ளே இறங்கியிருந்தது. மறு ஆடிக்கு அவள் இல்லை. ஏன் என்று இன்னும் கேட்கிறேன். என் நன்றிக்குள் அந்தக் கேள்வியும் கிடக்கிறது.

யாருக்கும் தெரியாமல் நிறுத்தும் என்றுதான் கேட்டேன். ஆண்டவரோ, விசாரிக்க ஒரு மனுஷியை அனுப்பினார். இப்போது திருவிருந்து நாளில் நான் முதலில் எழுவதில்லை. பெஞ்சில் தங்குகிறவளைப் பார்க்கிறேன். அவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். உங்களில் அப்படி ஒருத்தி இருந்தால், ஆண்டவரை நம்பி என்னிடம் வாய் திறவுங்கள். முதல் பஸ்ஸில் நானும் வாரேன்.