சின்னப் படலையில் படுத்தவள்

என் உயரம் நான்கு அடி பத்து அங்குலம். இதற்குக் காரணம் அரசாங்கம்தான் என்று முப்பது வயதுவரை உண்மையாகவே நம்பியிருந்தேன். பெண் பார்க்க வந்த ஒருவரிடம் அதைச் சொல்லியும் விட்டேன். அவர் தேநீரை முடிக்காமலே எழும்பிப் போனார்.

படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது வளராது; தாண்டியவர் திரும்ப அதே வழியால் தாண்டினால்தான் குற்றம் நீங்கும். எங்கள் வீட்டில் இது சட்டம். ஐந்து பிள்ளைகளில் நான்தான் கட்டை. ஆகவே என்னைத் தாண்டிவிட்டு யார் ஓடினாலும் கத்திக் குழறித் திரும்பத் தாண்டவைக்காமல் விடமாட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த அறுபத்தொன்றாம் வருடம், தமிழிலும் அரச கருமங்கள் நடக்கவேண்டுமென்று, திருகோணமலைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தின் வாசலில் சத்தியாக்கிரகம். உள்ளே யாரும் போகாதபடி சனம் வழியை மறித்து உட்கார்ந்திருந்தது. அம்மாவும் போவதென்று முடிவெடுத்துவிட்டா. சிக்கல் என்னவென்றால், அப்பா அதே கச்சேரியில் கிளாக்கர். வராதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று கச்சேரிப் பெரியவர், அப்பாவின் மேலதிகாரி, சொல்லி அனுப்பியிருந்தார். போனால் ஊர் காறித் துப்பும். போகாவிட்டால் ஐந்து பிள்ளைகளுக்குச் சோறில்லை. அன்று காலை அப்பா சேர்ட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

அம்மா மற்ற நாலு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனா. கிளாக்கர்மார் உள்ளே போய்வரும் வாசலான சின்னப் படலைக்குக் குறுக்கே சீலைத் துண்டை விரித்து, "இதில படு, குஞ்சு" என்றா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கந்தோர் நேரத்துக்கு அப்பா சைக்கிளில் வந்தார். விறாந்தையில் நின்ற பெரியவர், மாத்தறைச் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார், கைதட்டிக் கூப்பிட்டார். "வாங்கோ, வாங்கோ. இல்லாட்டி நான் மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா துறைமுகத்துப் பக்கம் பார்த்தா. அப்பாவின் கால் மெல்ல எழும்பி என் வயிற்றுக்கு மேலே வந்தது.

"அப்பா, தாண்டாதேங்கோ. நான் வளரமாட்டன்."

நான் வைத்த ஓலத்தில் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அம்மாவுக்கு அப்பால் நோன்போடு இருந்த கிண்ணியா வத்தகைப்பழ வியாபாரி நிதானமாகச் சொன்னார்: "தாண்டுங்க கிளாக்கர். பிறகு குத்தம் தீர இஞ்சால திரும்பித் தாண்டோணும். எப்பிடியும் நீங்க வெளியதான்."

சனம் சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், அவருடைய ஊரிலும் இதே சட்டம்தானாம். "பிள்ளையைத் தாண்ட ஏலாதுதான். கிளாக்கர் வந்தவர், உள்ள வர வழி இல்லை எண்டு எழுதிறன். வீட்டை போங்கோ."

அப்பா காலை இறக்கிச் சைக்கிளைத் திருப்பினார். தெருவில் குறுக்கே ஒரு ஆடுகூட இல்லை. ஆனாலும் மணியை அடித்துக்கொண்டே போனார். வேலையும் போகவில்லை, மானமும் போகவில்லை. நான் மட்டும் பாதி தாண்டப்பட்டவளாய் மிஞ்சினேன். பாதிதான் வளர்ந்தேன்.

அப்பா ஓய்வுபெற்ற அன்று, அவருடைய வேலையைக் காப்பாற்றியது என் தொண்டைதான் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"ஓம். மற்ற நாலும் தாண்டினாலும் பேசாமல் கிடக்குங்கள். உன்னை ஏன் கூட்டிக்கொண்டு போனனான் எண்டு நினைச்சாய்?"