செந்தூர்வேல் கேட்ட மகுடம்

என் வீட்டுக்காரர் செந்தூர்வேலுக்குத் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கயிற்றுக்கடை. லாரிக்காரனிடமும் கப்பல்காரனிடமும் சரிக்குச் சரி நிற்கிற மனுசன், கோயில் கொடைத் திருவிழா வந்தால் மட்டும் ஊரைவிட்டு ஓடிவிடுவார். ஓட வைப்பது நான்தான்.

எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில் மகுடம் அடிப்பார்கள். அந்தத் தோல்மேளம் முழங்கினால் சாமியாடுகிற கோமரத்தாடிமேல் சாமி இறங்கும். என் மாமனார் இசக்கியப்பன்தான் கோமரத்தாடி. ஒரு கொடையில் அருள் வந்து சுடுகாட்டுக்கு ஓடியவர், பேச்சிழந்து திரும்பினார். சாகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து மூத்த மகனான இவர்தான் ஆட வேண்டுமாம். விடுவேனா நான்? வருசா வருசம் இவரை இழுத்துக்கொண்டு மதுரையில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வருசம் பங்காளி ஜெயகணேஷ் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏளா, சாமி அவன் உடம்புலதான் இருக்கு. எத்தன நாளைக்கு ஒளிச்சு வைப்ப?" என்றார்.

என் கொழுந்தன் மகள் அனுசியா காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். தலையில் வயர்த்தொப்பி மாட்டி, வீணை, நாதஸ்வரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வைத்து, மனசு எதற்குப் பயப்படுகிறது, எதற்கு மகிழ்கிறது என்று மூளை அலையைப் பார்த்துச் சொல்வாளாம். இவரையும் இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"ஏளா, மகுடத்தையும் போடு. பெரியப்பாவுக்குப் பயம்தான், வேற ஒண்ணுமில்லன்னு மிஷினே சொல்லட்டும். அதக் காட்டி பங்காளிக வாய அடைக்கேன்."

சாமி காரியத்துக்குக் கம்ப்யூட்டரைச் சாட்சிக்கு அழைத்த அறிவாளி நான்.

தொப்பி மாட்டுமுன் அவர் நெற்றியில் நான் பூசிவிட்டிருந்த திருநீற்றை அனுசியா பஞ்சால் துடைத்தாள்.

"அத ஏன் அழிக்க?"

"அப்பதான் சிக்னல் வரும் பெரியம்மா."

வீணைக்குக் கொட்டாவி விட்டார். நாதஸ்வரத்துக்குத் தலையாட்டினார். அப்புறம் மகுடம். ஹெட்போனை மீறி அந்த அடி எனக்கும் கேட்டது. நான்தான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடி அசையாமல் இருந்தார்.

முடிந்த பிறகும் அனுசியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம்னுதானே காட்டுது?" என்றேன்.

"இல்ல பெரியம்மா, பயமே தெரியல. மத்த எதுக்கும் இப்படி வரல. பெரியப்பா மனசுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை.

"அனுசியா, அத இன்னொருக்க போடுதியா?" என்றார்.