எடைக்கார ஏழுமலை பார்த்த படங்கள்

அந்தத் திங்கட்கிழமை காலை கிடங்கைத் திறந்தபோது தராசு துணி போர்த்தியபடியே இருந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து அந்தத் துணியை எடுத்து மடித்து வைக்காத நாள் ஏழுமலை அண்ணனுக்குக் கிடையாது. டீக்கடையில் நிற்பார் என்று நினைத்து மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழுமல எழுந்துக்கல, மொதலாளி" என்றார்.

கோவளத்தில் கருவாடு வாங்கியவர், விற்றவர் எல்லோருக்கும் அவரைத் தெரியும். என்னிடம் ஒரு சைக்கிளும் இரண்டு கூடையும் மட்டும் இருந்த காலத்தில் தராசு பிடிக்க வந்தவர். நாலு பேர் முன்னால் என்னை 'மொதலாளி' என்பார். கிடங்கை விட்டு வெளியே வந்துவிட்டால் 'தம்பி'. நம் கருவாட்டு வியாபாரிகள் சங்க மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் அவருடைய எடை சுத்தத்தைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அது உங்களுக்கே தெரியும், நான் சொல்லி ஆகவேண்டியதில்லை. நான் எழுத வந்தது அவர் பார்த்த படங்களைப் பற்றி.

எழுபத்தேழில் நான் டெலிவிஷன் வாங்கினேன். மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டிய அன்றே என் முன்னறை பொது இடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நாற்பது பேர் வருவார்கள். உங்களில் பலர் அங்கே உட்கார்ந்தவர்கள்தான். நிலைக்கதவை ஒட்டி அண்ணன் உட்கார்ந்திருப்பார். படம் ஓடும்போதே தீர்ப்பும் ஓடும்.

ஒரு படத்தில் கதாநாயகன் படகு தள்ளிக்கொண்டு பாடினான். "மோதிரம் போட்டுகினு எவன்டா துடுப்பு புடிப்பான்? விரலு வீங்கிப் பூடும்" என்றார். புதன்கிழமை நாடகம் ஒன்றில் ஒரு குடும்பமே வாரக்கணக்கில் சண்டை போட்டது. "எல்லாரும் நின்னுகினே பேசறானுங்க. அந்த வூட்ல குந்தறதுக்குப் பாயி கூட இல்லியா?" என்று கேட்டார். அழுகிற நடிகைகளை அவருக்குப் பிடிக்காது. இவ்வளவு அழுதும் ஒருத்தியும் மூக்கைச் சிந்தவில்லையே என்பார். இதுவரை அந்தப் பெட்டியில் வந்ததிலேயே நல்ல நடிப்பு யாருடையது என்று ஒருமுறை கேட்டேன். விவசாய நிகழ்ச்சியில் பேச வந்த ஒரு குடியானவரைச் சொன்னார். "அந்த ஆளு பயந்துகினே பேசனாரு பாரு, அது நெசம்."

ஆனால் சமையலறைக் காட்சி வந்தால் வாயே திறக்க மாட்டார். யாராவது குறுக்கே எழுந்தால் அதட்டுவார். அடுப்பில் என்ன கொதிக்கிறது, எத்தனை தட்டு வைத்தார்கள், கழுத்தில் என்ன நகை, இதையெல்லாம் குனிந்து குனிந்து பார்ப்பார். நாங்கள் கேலி செய்வோம். பெண்டாட்டிக்கு நகை வாங்கத்தான் டிசைன் பார்க்கிறார் என்பார் ஒருவர். அவர் சிரித்துக்கொள்வார்.

பெண்டாட்டிக்காகத்தான் பார்த்தார். லட்சுமி அண்ணி கூடை தூக்கி மீன் விற்றவர். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு போனது. அதற்குப் பிறகு படுக்கைதான். அதற்கு முன்னால் இருவரும் திருப்போரூர் டென்ட் கொட்டகையில் ஒரு படம் விடமாட்டார்கள். அவர்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. வண்டி அனுப்புகிறேன், நாலு பேர் தூக்கி வந்து என் வீட்டில் உட்கார வைக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "தூக்கினு வந்து காட்றதுக்கு நான் இன்னா உற்சவ சாமியா?" என்று அண்ணி சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் அண்ணன் பார்ப்பார். படம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய் முதல் காட்சியிலிருந்து சொல்வார். சோறு ஆறினாலும் சொல்லி முடித்துத்தான் சாப்பிடுவார்களாம்.

நான் செய்த காரியத்தை இனி மறைக்க முடியாது. இந்த வருடம் பொங்கல் கழிந்த வாரம் கரும்பும் வெல்லமும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். போன வாரப் படத்தில் அந்தப் பெண் கல்யாணத்துக்குக் கட்டிய கிளிப்பச்சைப் புடவையைப் பற்றி, அதன் அரக்கு பார்டரைப் பற்றி, நேரில் தொட்டுப் பார்த்தவர்போல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரி புத்தி, தப்பான எடையைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, அந்தப் பொட்டில கலரே கெடையாது. எல்லாம் கறுப்பு வெள்ளதான்."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப அந்தப் பச்ச?" என்றார். அண்ணன் கரும்பை எடுத்து மூலையில் சாய்த்து வைத்தார். அது சரிந்தது. மறுபடியும் எடுத்து வைத்தார்.

என்னை வழியனுப்பத் தெருமுனை வரை வந்தார். "எல்லாத்தயும் எட போட்டுப் பாக்காத, மொதலாளி" என்றார். தெருவில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தினமும் கிடங்கில் பார்த்துக்கொண்டோம். நெத்திலி எவ்வளவு, வாளை எவ்வளவு, லாரி எப்போது என்று மட்டும் பேசினோம். ஏன் வரவில்லை அண்ணே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரே வரட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறும் போனது. மறுநாள்தான் தராசு துணியோடு இருந்தது.

அண்ணியிடம் என்ன முகத்தோடு போவது என்று தெரியாமல், காரியம் முடியும் வரை கும்பலுக்குள்ளேயே நின்றேன். எல்லோரும் போன பிறகு தனியாகப் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ போன அன்னிக்கே நான் அவராண்ட சொல்ட்டேன் தம்பி. கலரு இல்லாட்டி போவுது, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, கலர நீயே போட்டுக்கோன்னேன். சிரிச்சாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. கடசியா ஒங்க பொட்டில போட்டானே மூணு படம், அதான் படம். அதுக்கு மின்ன சொன்னதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

அந்த மூன்று ஞாயிறும் அவர் என் வீட்டுப் பக்கமே வரவில்லையே. வெளியே வந்து விசாரித்தேன். மூன்று ஞாயிறும் படம் ஓடுகிற நேரம் முழுக்க அவர் கரையில் ஏற்றி வைத்த படகு நிழலில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவாராம். என்மேல் கோபமா, இல்லை என் பெட்டியே வேண்டாம் என்று தோன்றிவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை.

திரும்பி உள்ளே போனேன். அண்ணி காத்திருந்தார். "கடசி ஞாயித்துக்கெழம பாதியில நிறுத்திட்டாரு. அசதியா கீது, மீதிய நாளைக்குச் சொல்றேன்னாரு. நீ பாத்திருப்ப இல்ல? மீதி இன்னா ஆச்சு, சொல்லு."

அன்று என் பெட்டியில் ஓடியது ஏதோ ஒரு ராஜா கதை. முழுக்கப் பார்த்தவன் நான்.

"அன்னிக்கு எங்க வூட்டாண்ட கரண்ட் பூட்ச்சி, அண்ணி. நானும் பாக்கல. மொத பாதிய நீங்க எனக்குச் சொல்லுங்க."

அண்ணி சுவரில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மீன் கூடை நாறுகிறது என்று ஒரு பெண்ணைப் பஸ்ஸில் ஏற்ற மறுக்கிறான் கண்டக்டர். அவள் நடக்கிறாள். வழியில் யாரோ தவறவிட்ட கொலுசு ஒன்று கிடைக்கிறது. யாருடையது என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறாள். திருப்போரூர், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில். வெயிலில் நடக்கிறாள், மழையில் நடக்கிறாள், ஓடைகளைத் தாண்டுகிறாள், ஒரு இடத்திலும் கால் வலிக்கிறது என்று உட்காரவில்லை. கடைசியில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டுகிறாள்.

"அதோட நிறுத்திட்டாரு. உள்ளாற யாரு கீறான்னு தெரியல" என்றார் அண்ணி.

ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாதிப் படம்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் பெட்டியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அண்ணி வீட்டுக்குப் போகிறேன். அண்ணி முதலிலிருந்து சொல்கிறார், நான் கேட்கிறேன். கதவருகே வந்ததும் இருவரும் நிறுத்திக்கொள்கிறோம். மீதியைச் சொல்ல நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு வரவில்லை.