முழு வரிக்கும் முதலில் நிழல்

நஸீர் நானா காலமான செய்தி அச்சகத் தொலைபேசியில்தான் வந்தது. முதலாளி எடுத்தார். கேட்டு முடித்துவிட்டு, ரிசீவரை வைக்கவும் மறந்து என் பக்கம் திரும்பி, "நஸீர் போயிட்டார், பிள்ளை" என்றார். முதல் நாள் மாலை என் மேசையருகே நின்று கதைத்துவிட்டுப் போன மனிதர். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிப் படுத்தவர் எழும்பவில்லையாம். அன்று கடற்பக்கம் படையினரின் ஏதோ தேடுதல் என்று, அவருடைய ஊரான கிண்ணியாவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் மிதவையை ஓடவிடவில்லை. ஜனாஸாவை அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். இந்த யுத்தம் என்னிடமிருந்து பறித்தவற்றில் அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் ஒன்று. அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருகோணமலைப் பட்டினத்தில் எங்கள் அச்சகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பள்ளிவாசல் அறிவித்தல் எல்லாவற்றையும் நாங்கள் தட்டிய தமிழ்ச் செயலியை அவரே எழுதினார். நான் அங்கே தட்டச்சுக்காரி. அண்ணன் முறையில் அவரை நானா என்போம். நல்ல பிடிவாதக்காரர். அவருக்கு ஒன்று சரியென்று பட்டுவிட்டால் முதலாளியும் ஒன்றுதான், சென்றிக் காவலில் நிற்கிற ஆமிக்காரனும் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே நிற்பார், நகரமாட்டார்.

கடைத்தெருவில் குண்டு வெடித்த அன்று என் கண்களில் கண்ணாடித் துகள் பட்டது. பார்வை போகவில்லை, ஆனால் கூர் போய்விட்டது. திரும்பி வேலைக்கு வந்தபோது வெள்ளைத் திரை கண்ணைக் குத்தியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கசிந்து பரவின. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறம் வைத்துப் பார்த்தோம். அதில் எழுத்துகள் கரைந்தே போயின. பிழைகள் கூடின. தட்டச்சுக்கு வேறொரு பிள்ளையைப் பார்க்க வேண்டிவரும் என்று முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

"சாம்பலையே வச்சிருப்பம். எழுத்துக்குப் பின்னால கறுப்பு நிழல் போட்டுப் பாப்பம், தங்கச்சி" என்றார் நானா.

நிழல் என்றால் சும்மா இல்லை என்று அப்போதுதான் கண்டேன். முதலில் மெல்லிய புகைபோலச் சுற்றிலும் பரவும் நிழலைப் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அழகென்றால் அப்படி ஓர் அழகு. முதலாளிக்கு வாயெல்லாம் பல்; கொழும்புக்காரருக்கே இந்தச் செயலியை விற்கலாம் என்று கனவு காணத் தொடங்கிவிட்டார். ஆனால் எங்கள் கிழட்டுக் கணினி ஒவ்வொரு எழுத்தையும் புகையாக்க முக்கியது. நான் ஒரு சொல்லைத் தட்டி முடித்தபிறகு அதன் தலை வந்து எட்டிப்பார்க்கும். வந்தாலும் எனக்கு அந்தப் புகையில் எழுத்தின் ஓரம் பிடிபடவில்லை.

அதை விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தரம் வரையச் செய்தார். சற்றே வலமும் கீழுமாக முதலில் கறுப்பில், அதன் மேல் வெள்ளையில். விரல் வைத்ததும் வந்தது. ஆனால் வரி முழுக்க அழுக்கு. அடுத்த எழுத்தின் கறுப்பு முந்திய எழுத்தின் வெள்ளை மேல் விழுந்து, 'கி'யின் கொக்கியைக்கூட விழுங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. இனி ஏலாது நானா, விடுங்கள் என்றேன். அவர் மிதவைக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்.

மறுநாள் காலை வந்தவர் கதிரையில் உட்காரக்கூட இல்லை. "என்ட மடத்தனம், தங்கச்சி. எழுத்து எழுத்தா வரையக் கூடாது. முழு வரிக்கும் நிழலைப் போட்டு முடிச்சிட்டுத்தான் எழுத்தை வைக்கணும்" என்றார். செய்து காட்டினார். சாம்பல் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து நின்றன. குண்டு வெடித்த பிறகு நான் ஒரு வரியைத் தடுமாறாமல் வாசித்தது அன்றுதான்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பழைய கலியாண வீடியோத் தலைப்பு மாதிரி இருக்கிறது, எவன் வாங்குவான், புகை நிழலையே வை என்றார். நானா சிரித்துக்கொண்டே நின்றார்.

"வாங்கிற ஆள் வரக்குள்ள பாப்பம், முதலாளி. தட்டிற ஆள் இங்க இருக்கிறா."

முதலாளி உள்ளே போனார். வேறு பிள்ளை தேடும் கதை அதன்பின் எழவில்லை.

மிதவை ஓடத் தொடங்கியதும் கிண்ணியாவுக்குப் போனேன். நானாவின் மனைவி றிஸ்வியா ராத்தாவை அதற்குமுன் கண்டதில்லை. என் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். பிறகு அவர்தான் தொடங்கினார்.

"என்ட கண்ணாடிய எடுத்துத் தேங்காய் எண்ணெயப் பூசிப் போட்டுக்கிட்டு வீட்டுக் கணினிக்கு முன்னால இருப்பாரு. இது என்ன கூத்தென்டு ஏசினன். அந்தப் புள்ளைக்குத் தெரியிற மாதிரி எனக்கும் தெரியணும் என்டாரு."

அவர் என்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. வரியில் எங்கே அழுக்கு விழுகிறது என்று நான் வாயால் விளக்கத் திணறியபோதெல்லாம், கண்டவர்போலத் தலையாட்டியது ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது. எண்ணெய் மங்கலில் நிழலை மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்களைக் கசக்கிக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. என் உடன்பிறந்தவர்கள்கூட என் கண்ணுக்குள் இருந்து பார்த்ததில்லை.

நானா, உங்களை அடக்கிய கபுறடிக்கு என்னால் வர முடியவில்லை. பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லையாம். ராத்தா வாசலில் நின்று அந்தத் திசையைக் காட்டினார். அங்கே பார்த்துக் கும்பிட்டேன், எனக்குத் தெரிந்தது அதுதான். அல்லாஹ் உங்களுக்கு நல்ல இடம் தருவான். எங்கள் காளியம்மனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போய் வருகிறேன், நானா. நாளைக் காலை எனக்கு வேலை இருக்கிறது.