நயாகராவின் மிச்சம் ஐந்து

19 ஜூன் 1940: நயாகரா என்ற கப்பல் மூழ்கியது. உள்ளே தங்கக் கட்டிகள் 590.
1941: மீட்டவை 555.
1953: மீட்டவை 30.
மிச்சம்: 5.
ஒக்ரோபர் 2022: பெனடிக்ற், விக்ரோறியா தம்பதியின் வீட்டு முற்பணச் சேமிப்பு 118,400 டொலர்.

முதல் நான்கு வரிகளுக்கும் கடைசி வரிக்கும் தொடர்பு எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. அதை உண்டாக்கியவர் பெனடிக்ற்.

மன்னாரில் பேசாலை என்ற மீனவ ஊரில் பிறந்தவர். ஒக்லாந்து நகரின் தென்புறத்துப் பாபகூராவில் எனக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தார். மனுகாவிலுள்ள ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. மனைவி விக்ரோறியா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். இதிலுள்ள திகதிகளை இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். முரண்பட்ட இடங்களில் விக்ரோறியா சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

நயாகரா ஒக்லாந்திலிருந்து இரவில் புறப்பட்டு, விடியுமுன் வடக்கே கடற்கண்ணிவெடியில் மோதியது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். போர்க்காலம், தங்கம் ஏற்றியிருந்தது பயணிகளுக்குத் தெரியாது. எடுபடாத ஐந்து கட்டிகளும் சேற்றில் ஆழப் புதைந்துவிட்டன என்பவர்கள் உண்டு. சிதைந்த இரும்புக்கடியில் நசிந்து கிடக்கின்றன என்பவர்களும் உண்டு. பார்த்தவர் எவருமில்லை.

அவற்றைத் தேட 2022இல் சிறு தனியார் குழுவொன்று புறப்பட்டது. கடலடிப் படங்களைக் கணினியில் ஆராய்ந்து கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரரான அரவிந்த். கப்பல் கிடக்கும் ஆழம் நூற்றிருபது மீற்றர். அங்கே இறக்கி அள்ள ஓர் இரும்புக் கூடை வேண்டியிருந்தது. அதைச் செய்யப் பெனடிக்றை அழைத்துப் போனவர் அரவிந்த்தான்.

"மாசச் சம்பளம் தர்றோம்னு சொல்லிட்டாங்க அண்ணா. பேசாம வாங்கிக்கோங்க."

"கடல் வேலைக்குச் சம்பளமோ? எங்கட கரையில வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆக்களுக்கு. சம்பளக்காரனுக்கு மீன் பட்டாலென்ன, படாட்டியென்ன? அவன் கரையைப் பாத்துக்கொண்டிருப்பான்."

"இது மீன் இல்லண்ணா."

"தங்கமெண்டா இன்னும் மோசம்."

குழுத் தலைவர் வியந்துபோய் ஒப்புக்கொண்டார். கிடைப்பதில் நாற்பதில் ஒரு பங்கு. கை குலுக்கினார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, பெனடிக்ற் கேட்கவுமில்லை. நவம்பரில் பட்டறை வேலையை விட்டார். வீட்டில் சொன்னது அதற்குப் பிறகு.

"எண்பது வருசமா ஆருக்கும் கிடைக்காதது உங்களுக்கெண்டு எழுதி வச்சிருக்கோ?" என்று கேட்டார் விக்ரோறியா.

"மற்றதெல்லாம் கிடைச்சதுதானே. இல்லாத சாமானை நான் தேடயில்லை."

"இல்லாதது இனி உங்கட சம்பளம்தான். அந்தோனியாரிட்டச் சொல்லிவிடுறன், அவர் தேடித் தரட்டும்."

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் புனிதர் அந்தோனியார். செவ்வாய்க்கிழமைகளில் விக்ரோறியா அவருக்கு மெழுகுதிரி ஏற்றுவார்.

பாபகூரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று அறை வீடொன்றை அவர்கள் பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டு சம்பளத்தையும் பார்த்து வங்கி வீட்டுக் கடனுக்கு முன்னொப்புதல் கொடுத்திருந்தது. சம்பளம் ஒன்றானதும் வங்கி இருவரையும் கூப்பிட்டது. பெனடிக்ற் நாற்பதில் ஒரு பங்கை விளக்கினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த அதிகாரிப் பெண் மரியாதையாகக் கேட்டார். பெனடிக்ற் யோசித்து, "வருமானம்" என்றார். ஜனவரியில் ஒப்புதல் இரத்தானது. வீட்டை வேறொருவர் வாங்கினார்.

பெப்ரவரிப் புயலால் பயணம் தள்ளிப்போனது. மார்ச்சில் பெனடிக்றும் படகில் போனார். கூடை ஆறு தடவை இறங்கி ஏறியது. வெல்டிங் ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை. வந்தது சேறு. திரும்பும் வழியில் தூண்டில் போட்டார்கள். பங்குப் பேச்சை மறக்காத தலைவர், பெனடிக்றின் பங்கென்று இரண்டு ஸ்னாப்பர் மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"சொல்லுக்கு நிக்கிற மனுசன்," என்றார் பெனடிக்ற், பையை மேசையில் வைத்து.

விக்ரோறியா மீனைக் கழுவினார். "ஒண்டு முன்னறைக்கு, ஒண்டு நடு அறைக்கு. மூண்டாவது அறைக்கு என்ன செய்யிறது?"

குழம்பில் ஒரு கிண்ணம் எனக்கும் வந்தது. புளி சரியாக இருந்தது.

பழைய பட்டறையில் அவரது இடம் நிரம்பிவிட்டது. ஏறத்தாழ ஒரு வருடம் அங்குமிங்கும் நாட்கூலி. பெப்ரவரி 2024 கடைசியில்தான் மனுகாவில் வேறொரு பட்டறையில் நிரந்தர வேலை கிடைத்தது. சேமிப்பில் ஒரு பகுதி கரைந்திருந்தது. இப்போது பார்த்தது நகரின் மேற்கே ரானுயியில் இரண்டு அறை வீடு. தொடர்ச்சியாக மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும் என்றது வங்கி.

இரண்டாவது மாதம் முடியுமுன் அரவிந்த் ஒரு கடலடிப் படத்துடன் வீட்டுக்கே வந்தார். "இந்தத் தடவை நிஜமாவே ஏதோ இருக்குண்ணா. சேத்துக்குள்ள நேர்கோடா தெரியுது. பத்து நாள்தான். அதே பங்கு."

பெனடிக்ற் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பத்து நாள் விடுமுறை கேட்டால் புது முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். அது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

"போறதெண்டாப் போங்கோ. நான் ஒண்டும் கதைக்கேல்லை," என்றார் விக்ரோறியா.

"நீர் கதைக்காட்டித்தான் பயம்," என்ற பெனடிக்ற் படத்தை அரவிந்திடம் திருப்பிக் கொடுத்தார். "கூடையைக் கொண்டு போங்கோ, தம்பி. அது விடாது."

"அப்ப உங்க பங்கு?"

"வராதவனுக்குப் பங்கில்லை. அதுவும் எங்கட கரைச் சட்டம்தான்."

"எடுத்துட்டோம்னா வருத்தப்படுவீங்கண்ணா."

"ஓம். படுவன்."

மே மாதம் படகு போனது. அந்தப் பத்து நாளும் பெனடிக்ற் வழக்கம்போல் காலை ரயிலில் மனுகாவுக்குப் போனார். மாலையில் வந்ததும் முதலில் கைத்தொலைபேசியைப் பார்த்தார். நேர்கோடு, கப்பலின் இரும்புச் சட்டம் என்று தெரிந்தது. செய்தி சொன்ன அரவிந்திடம் அவர் கேட்டது ஒன்றுதான்: கூடை தாங்கியதா? தாங்கியது. தங்கத்தின் மிச்சம் இன்னும் ஐந்து.

மூன்று மாதச் சீட்டுகளையும் விக்ரோறியா வங்கிக்கு அனுப்பினார். ரானுயி வீட்டுக்கான இறுதி ஒப்புதல் கடிதம் வந்த நாள்: 18 ஜூன் 2024, செவ்வாய்க்கிழமை.