ஊருக்குள்ளேயே ஒரு வண்டி

கனரக வாகன லைசென்ஸ் கிடைத்த அன்று, அதைச் சட்டைப்பையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வந்தான். அப்பா வாங்கிப் பார்த்தார்.

"போட்டோல திருடன் மாதிரி இருக்கடா. எவன் நம்பி வண்டியக் குடுப்பான்?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். என்ன நேரத்தில் சொன்னாரோ, அதற்கப்புறம் எவனும் கொடுக்கவில்லை.

வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லாரிக்கு ஆள் கிடைக்காமல் கம்பெனிக்காரர்கள் தவம் கிடந்தார்கள். ஆனால் எல்லாம் தூரத்து ஓட்டம். ஏறினால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். அவனுக்கு வேண்டியதோ காலையில் எடுத்துச் சாயங்காலம் நிறுத்துகிற வண்டி. காரணம் அப்பாதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது, வாய் மட்டும் பழைய வாய். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அவரைத் தூக்கி மாற்ற வேண்டும். ஆள் நல்ல கனம். அம்மாவுக்கோ இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது, ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே முகம் சுண்டிவிடும். மாடிவீட்டுக்காரர் ஒருநாள் கைகொடுத்தார். மறுநாளிலிருந்து அவர் படியிறங்குகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆகவே ஊருக்குள் ஓட்டும் வேலை தேடி அலைந்தான். தூரத்துக்குப் போகும் லைன் வண்டி ஓட்டிக் களைத்த மூத்த டிரைவர்களுக்குக் கம்பெனிகள் தரும் பரிசு அது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஒரு பார்சல் கம்பெனி மேனேஜர் விளக்கமாகவே சொன்னார்.

"ஊருக்குள்ள ஓடுற வண்டி சீனியருங்களுக்குத்தாம்பா. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புள்ளைங்க முகத்தப் பாக்கணும்னு அவங்களுக்கும் இருக்காதா? புது ஆளுங்க லாங் போங்க. ரோடு நேரா இருக்கும், இடிக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காது. சந்துபொந்துல நுழையறதுக்குத்தான் அனுபவம் வேணும்."

"அந்த அனுபவத்துக்கு எங்க சார் போறது?"

"அதான் லாங் போன்னு சொல்றேன்."

சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது பேச்சு.

கடைசியில் ஒரு டைல்ஸ் கம்பெனி கண் திறந்தது. அங்கே ஊருக்குள் வண்டி ஓட்டியவர் ஓய்வு பெற்றிருந்தார், கால் மூட்டு வலி அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. யார்டு மேனேஜர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு டிரிப் ஓட்டிக் காட்டு, பார்ப்போம்" என்றார். கூடவே பழைய டிரைவர் ஒருவரை அனுப்பினார். யார்டில் அவருக்குப் பெயர் மீசை. இவனுக்கு வண்டியில் ஏறுவதற்குள்ளேயே 'எல் போர்டு' என்று பெயர் விழுந்துவிட்டது.

வண்டி நிறைய டைல்ஸ். போக வேண்டிய கடையின் கிடங்கு, ஒரு கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. நுழைவில் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் கடையின் தண்ணீர்க் குழாய். எல் போர்டு இறங்கினான். வண்டிக் கூண்டின் உச்சியையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நாலு விரல் இடைவெளி இருந்தது. திரும்ப ஏறி, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரே தடவையில் ரிவர்ஸிலேயே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தான். சுவரில் ஒரு கீறல் இல்லை. மீசையின் தலை லேசாக ஆடியது. அதைப் பார்த்ததும் இவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆட்கள் சரக்கை இறக்குகிற வரைக்கும் ஓரமாய் நின்று, அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். திருடனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ஆரம்பிக்கலாம்.

கிளம்பினான். வந்த வழிதானே, இரண்டாவது முறை இறங்கிப் பார்க்கவில்லை. முன்பக்கம் நழுவி வெளியே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மிதித்தான். பின்னால் தகரம் கிழிகிற சத்தம், அதைத் தொடர்ந்து குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

சரக்கு இறங்கினால் ஸ்பிரிங் பட்டை நிமிரும், வண்டி எழும்பும். பின்பக்கம்தான் அதிகம் எழும்பும். நாலு விரல் இடைவெளி எங்கோ போய்விட்டிருந்தது. ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் இதற்காகவே கடைசி வரிசைப் பெட்டிகளை உள்ளேயே விட்டுவைப்பார்கள், வண்டி வெளியே வந்த பிறகு இறக்கிக் கையில் சுமந்துபோவார்கள். இல்லையென்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். இவன் பழகிய டிரைவிங் ஸ்கூல் லாரியோ என்றைக்கும் காலி லாரி. அதில் எழும்பவும் ஒன்றுமில்லை, அமுங்கவும் ஒன்றுமில்லை.

"உங்களுக்குத் தெரியும்ல அண்ணே?" என்று கேட்டான்.

"தெரியும்பா. நீ பாப்பேன்னு நெனச்சேன்." மீசை நனைந்த பெட்டிகளைப் பார்த்தபடி சொன்னார். "நான் வந்தது பாக்கறதுக்கு. சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னுதான் அனுப்பினாங்க."

யார்டுக்குத் திரும்பியதும் மேனேஜர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஸ்டியரிங் நல்லாப் பிடிக்கிறாய் என்றார். "ரெண்டு வருஷம் லாங் ஓட்டிட்டு வா. நானே கூப்பிட்டு வேலை தரேன்" என்றார். இந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? வாசலுக்கு வந்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. அந்த வாரமே லைன் லாரிக் கம்பெனி ஒன்றில் கையெழுத்துப் போட்டான். அப்பாவின் மருந்து காத்திருக்காது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மாவுக்கு அப்பாவைத் தூக்கப் பழக்கிக்கொடுத்தான். அப்பாவின் இடுப்பைச் சுற்றி ஒரு போர்வையைக் கட்டி, அதன் முனைகளை அம்மா கையில் கொடுத்தான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழும்பினார், அதற்குமேல் இல்லை. அம்மா "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

இவன் ஓடிவந்து அப்பாவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்தான்.

"இருடா" என்றார் அப்பா. "இன்னிக்கு என்னைக் கட்டில்ல போடாத."

"ஏம்ப்பா?"

"பஸ்ல போறவன் எல்லாம் உக்காந்துதானே தூங்குறான். நானும் பழகிக்கறேன். நீ வீட்ல இருக்கும்போதே ஒரு ராத்திரி பழகிப் பாத்துடலாம். சரிஞ்சு விழுந்தாலும் தூக்க நீ இருக்கியே."

எப்போதும் போல நக்கலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

போகவில்லை என்பது இவன் வாய் வரை வந்தது. போகாமல் இருந்தால் மருந்துக்குக் காசு எங்கிருந்து வரும்? அம்மா கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துவந்து அப்பாவின் கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் செருகினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இவன் அக்குளிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தான்.